பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டம்: போகும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழவேற்காட்டுக்குப் போகிற பெரும்பாலானவர்கள் ஏரியைப் பார்த்து, மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள்ளேயே, நடந்து போகிற தூரத்தில், 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து போகிறவர்களும் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். நான் அங்கே அடிக்கடி போகிறவன். நண்பர்களும் அவர்களின் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது எங்கே இருக்கிறது? யாருடைய கல்லறை?

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரிக்கு வடகிழக்கே, கடலும் ஏரியும் சேர்கிற இடத்தில் பழவேற்காடு இருக்கிறது. சென்னையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஆங்கிலத்தில் புலிகாட் என்று எழுதுவதும் இந்த ஊரைத்தான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள், வணிகர்கள், அவர்களின் மனைவி மக்கள் ஆகியோரை அடக்கம் செய்த இடம் இது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் இந்தச் சின்ன ஊருக்கு ஏன் வந்தார்கள்?

அன்றைக்கு இது சின்ன ஊர் இல்லை. சோழமண்டலக் கரையின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. சுற்றிலும் நெசவு ஊர்கள். இங்கே நெய்து சாயமேற்றிய துணிக்கு இந்தோனேசியத் தீவுகளில் நல்ல கிராக்கி இருந்தது. அந்தத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் வெள்ளிக்காசைவிடத் துணியே நன்றாகச் செல்லுபடியானது. டச்சுக்காரர்களுக்கு மிளகு, கிராம்பு வியாபாரம் நடக்க வேண்டுமென்றால் முதலில் தமிழ், தெலுங்கு நெசவாளிகளின் துணி கையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இங்கே வந்தார்கள்.

1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கினார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1612இல் வந்து டச்சுக் கிடங்கை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டே, 1613இல், இங்கே கோட்டை எழுந்துவிட்டது. அதைக் கட்டிய வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைத்துக் கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகர் பழவேற்காடுதான். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அடிக்கல் போடுவதற்கு ஒரு தலைமுறை முன்பே இந்த ஊர் உலக வணிகத்தில் பெயர் வாங்கிவிட்டது.

எப்படிப் போவது?

ரயிலில் போவதுதான் எனக்குப் பிடித்த வழி. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து இருக்கிறது. ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். காரில் வந்தால் செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்பிப் பொன்னேரி வழியாக வரலாம். பொன்னேரியைத் தாண்டிய பிறகு அவசரப்படாதீர்கள். வயலும் உப்பங்கழியும் மாறி மாறி வரும் அழகான சாலை அது.

ஊருக்குள் வந்ததும் “டச்சுக் கல்லறை எங்கே?” என்று கேட்டால் போதும், யாரும் காட்டிவிடுவார்கள்.

நுழைவுக் கட்டணம் உண்டா? எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

கட்டணம் இல்லை. பகலில் மட்டும் பார்க்கலாம். கேட் பூட்டியிருந்தால் சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம். பக்கத்துக் கடையில் காவலாளியைப் பற்றிக் கேளுங்கள், கூப்பிட்டுத் தருவார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரலாம். அந்த நேரத்தில் வாசலை நிதானமாகப் பாருங்கள்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போவது நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, ஏரியில் பூநாரைகளும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் உள்ளே ஒதுங்க நிழல் போதாது. கருங்கல் சுட்டுவிடும்.

எந்த நேரம் என்பது எந்த மாதம் என்பதைவிட முக்கியம். உச்சி வெயிலில் போனால் கல்லில் எழுத்தே தெரியாது, எல்லாம் தட்டையாகத் தோன்றும். காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை நாலரைக்குப் பிறகோ வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் மெல்லிய நிழல் விழும். மதியம் வழவழப்பாகத் தெரிந்த அதே கல்லில் அப்போது பெயர், ஆண்டு, ஓரத்து இலைக்கொடி எல்லாம் எழுந்து வரும். ஒரே கல்லை மூன்று மணிக்கு ஒரு முறையும் ஐந்து மணிக்கு ஒரு முறையும் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

வாசலில் எலும்புக்கூடு இருக்கிறதாமே? பேய் பயமுறுத்தலா?

இல்லை. ஆனால் பார்த்ததும் ஒரு நொடி திடுக்கிடும், அது உண்மை. வளைந்த நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்றோடு மணற்கடிகாரம், இன்னொன்றோடு மண்டையோடு. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். முழங்கால் மூட்டைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். அருகில் போய்க் கழுத்து எலும்பையும் விரல்களையும் பாருங்கள். அவசரத்தில் செய்த வேலை இல்லை அது.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது சர்வ சாதாரணமான கல்லறைச் சின்னம். மணல் இறங்கிக்கொண்டே இருக்கிறது, உன் நேரமும் அப்படித்தான் என்று உள்ளே வருகிறவர்களுக்குச் சொல்வது. பட்டினத்தார் பாடல் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி புதிதல்ல. ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்று அவர் சொன்னதைத்தான் இங்கே எலும்பில் வடித்து வைத்திருக்கிறார்கள். பணம் சேர்ப்பதற்காகவே கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் இடுகாட்டு வாசலில் இதை நிறுத்தினார்கள் என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கிறது.

உள்ளே எத்தனை கல்லறைகள்? எப்படி இருக்கும்?

எழுபதுக்கும் மேல். பெரும்பாலானவை தரையோடு படுத்த பெரிய கற்பலகைகள். சிலவற்றுக்கு மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மண்டபம், உயர்ந்த கூர்நுனித் தூண். முதலில் உங்கள் கண் அந்தப் பெரிய கட்டடங்கள் பக்கம்தான் போகும். ஆனால் பார்க்க வேண்டியது கீழே இருக்கிறது. பலகைகளில் எழுத்தைக் குழித்து வெட்டவில்லை. சுற்றியுள்ள கல்லைக் கொத்தி எடுத்துவிட்டு எழுத்தை மேடாக நிற்க விட்டிருக்கிறார்கள். கடினமான கல்லில் இது இரட்டிப்பு வேலை. ஓர் எழுத்தின் முனை சிதறினாலும் திருத்த வழியில்லை.

சோழமண்டலக் கரை டச்சுக் கல்லறைகளின் அடையாளமே இந்த மேடெழுத்துதான். உளி பிடித்தவர்கள் இந்தக் கரையின் கல்தச்சர்கள் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கோயில் தூணில் கொடியும் யாளியும் செதுக்கிப் பழகிய கைகள், தங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியின் எழுத்துகளை வரைபடத்தைப் பார்த்துச் செதுக்கியிருக்கின்றன. ஓரங்களில் ஓடும் பூக்கொடியைப் பார்த்தால் எனக்கு அதில் சந்தேகமே வருவதில்லை.

புகழ் பெற்றவர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா?

உலகறிந்த பெயரைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். கம்பெனி ஆட்கள், அவர்கள் குடும்பம், அவ்வளவுதான். சின்ன வயதில் இறந்துபோனவர்கள் நிறைய. நீண்ட கப்பல் பயணத்தில் தப்பிப் பிழைத்து வந்தாலும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் விடவில்லை. பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இருக்கிற கல்லைக் கண்டால் கழித்துப் பாருங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பழவேற்காட்டில் வாழ்ந்து, ஆனால் இங்கே அடங்காத ஒருவரைச் சொல்ல வேண்டும்: அபிரகாம் ரோஜேரியஸ். 1632 முதல் 1642 வரை இங்கே பாதிரியாராக இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி டச்சு மொழியில் ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் ஹாலந்தில் இறந்த பிறகு 1651இல் அது அச்சாகியது. சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் சதகங்கள் ஐரோப்பிய மொழி ஒன்றுக்குப் போனது அந்த நூல் வழியாகத்தான். இந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் சிலரை அவருக்கு நேரில் தெரிந்திருக்கலாம். அவர்களுக்கு அவரே ஞாயிறு தோறும் பிரசங்கம் செய்திருக்கலாம்.

டச்சு மொழி தெரியாதே, கல்லை எப்படிப் படிப்பது?

ஐந்தாறு சொல் தெரிந்தால் போதும், பாதிக் கல் புரிந்துவிடும். பலகைகள் அனேகமாக ‘ஹியர் லெய்ட் பெக்ராவன்’ என்பது போல ஏதாவதொரு வாசகத்தில் தொடங்கும். ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்’ என்று அர்த்தம். அதற்கு அடுத்து வருவது பெயர். ‘ஹெபோரன்’ என்றால் பிறந்தார், ‘ஓவர்லேடன்’ என்றால் இறந்தார். ‘அன்னோ’ என்று கண்டால் அதை ஒட்டி ஆண்டு வரும். சில இடங்களில் அதைச் சுருக்கி ஏ, ஓ என்ற இரண்டே எழுத்தாகப் போட்டிருப்பார்கள். ‘ஹாஸ்ஃப்ரவ்’ என்பது மனைவி. பெண்களின் கல்லில் அவர்கள் பெயருக்குப் பின்னாலேயே இந்தச் சொல்லும் கணவர் பெயரும் பதவியும் வரும். ‘கோப்மான்’ என்பது வணிகர். அதற்கு முன்னால் ‘ஓப்பர்’ சேர்ந்தால் மூத்த வணிகர், கம்பெனியில் அது பெரிய பதவி.

வி என்ற எழுத்தையும் யு என்ற எழுத்தையும் அந்தக் காலத்தில் மாற்றி மாற்றி எழுதினார்கள். சொல் பிடிபடவில்லை என்றால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டுப் பாருங்கள். எழுத்துகளை நெருக்கி ஒன்றோடொன்று ஒட்டியும் செதுக்கியிருப்பார்கள். வரியை முழுதாகப் படிக்க முயலாமல் முதலில் எண்களைத் தேடுங்கள், அப்புறம் பெயர், அப்புறம் மற்றது.

கல்லின் மேல்பகுதியில் கேடயம் மாதிரி ஒன்று, அதற்கு மேல் தலைக்கவசம், இரண்டு பக்கமும் சுருள் சுருளாக இலை. அது குடும்ப முத்திரை. கேடயத்துக்குள் பறவை, மரம், நட்சத்திரம் என்று ஏதாவது இருக்கும்.

எழுத்து சரியாகத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றித் துடைக்கலாமா? சாக்பீஸ் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சாக்பீஸ், மாவு, திருநீறு, எண்ணெய் எதுவும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் தேய்க்கிற ஒவ்வொரு முறையும் மேடெழுத்தின் விளிம்பு கொஞ்சம் மழுங்குகிறது. கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் வைத்துச் சுத்தம் செய்தால் பல நூறு ஆண்டு வேலை ஒரு மணி நேரத்தில் போய்விடும். காகிதம் விரித்து மேலே பென்சில் தேய்த்து அச்செடுப்பதும் கூடாது.

வேறு வழி இருக்கிறது. போன் டார்ச்சைக் கல்லுக்கு நேர்மேலே பிடிக்காமல், தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெயில் அதிகமாக இருந்தால் ஒருவர் குடையால் நிழல் போட, இன்னொருவர் டார்ச் பிடிக்கட்டும். படம் எடுத்து, வீட்டுக்குப் போய்க் கறுப்பு வெள்ளையாக மாற்றி, மாறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால் அங்கே தெரியாத எழுத்தும் தெரியும். உலர்ந்த இலை, சருகு கிடந்தால் கையால் ஒதுக்கலாம். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

கற்பலகை நன்றாக இருக்கிறது, செங்கல் மண்டபம் மட்டும் ஏன் உதிர்கிறது?

உப்பு. கடற்காற்றில் வருகிற உப்பும், தரையிலிருந்து ஈரத்தோடு ஏறுகிற உப்பும் செங்கல்லின் நுண்துளைக்குள் போய், ஈரம் காய்ந்ததும் படிகமாகி விரிகின்றன. மழைக்குக் கரைந்து வெயிலுக்குத் திரும்பப் படிகமாகி, வருடா வருடம் இது நடக்கும்போது செங்கல் உள்ளிருந்தே பொடியாகிறது. கருங்கல்லில் துளை குறைவு, அதனால் அது தாங்குகிறது.

அப்படியானால் சிமெண்ட் பூசிவிடலாமே என்று கேட்பார்கள். அது இன்னும் கெடுதல். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, உப்பு முழுக்க உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும். பழைய கட்டடத்துக்குப் பழைய சுண்ணாம்புச் சாந்துதான் சரி. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், பாதிப்பு வந்தால் பூச்சுக்கு வரும், சுவருக்கு வராது. பூச்சைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

தமிழர்கள் யாராவது இங்கே அடக்கமாகியிருக்கிறார்களா?

கல்லில் பெயர் பொறித்த இடம் கம்பெனி ஐரோப்பியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உரியது. ஆனால் அந்தக் குடும்பங்களில் இந்த மண்ணில் பிறந்த பெண்கள் பலர் இருந்தார்கள். ஹாலந்திலிருந்து பெண்கள் வந்தது மிகக் குறைவு. கம்பெனி ஆட்கள் ஆசியாவிலேயே திருமணம் செய்தார்கள், பெரும்பாலும் போர்த்துக்கீசியக் கலப்பினக் குடும்பங்களில். டச்சுப் பெயரில் இருக்கும் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

இங்கே இல்லாதவர்கள்தான் அதிகம். துணி நெய்தவர்கள், சாயம் போட்டவர்கள், மூட்டை சுமந்தவர்கள், கம்பெனியின் வெடிமருந்து ஆலையில் வேலை செய்தவர்கள், அலையில் படகு தள்ளிக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றியவர்கள், இந்தக் கல்லையே செதுக்கியவர்கள். இவர்களில் யாருக்கும் இங்கே பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே நடக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் நான் எல்லாரிடமும் கேட்கிறேன்.

டச்சுக்காரர்கள் இங்கிருந்து அடிமைகளையும் ஏற்றினார்களா?

ஆமாம். இதை மறைத்துவிட்டு இந்த ஊரின் கதையைச் சொல்லக் கூடாது. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்தும் இந்தக் கரையின் மற்றத் துறைமுகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான மனிதர்களைப் பிடித்தும் வாங்கியும் டச்சுக் கப்பல்கள் பத்தாவியாவுக்குக் கொண்டுபோயின. பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. பஞ்சம் வந்த ஆண்டுகளில் இந்த வியாபாரம் ஏறியது. சாப்பாட்டுக்கு வழியில்லாதபோது பெற்றோர் பிள்ளைகளையும், சிலர் தங்களையுமே விற்றார்கள். அந்தக் கணக்கைத் தாளில் எழுதிய சில கைகள் இந்தப் பலகைகளுக்குக் கீழே இருக்கலாம்.

அப்படியிருக்க, இவர்களுடைய கல்லறையை நாம் ஏன் பாதுகாக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கோபத்தோடு கேட்டாலும் நியாயமான கேள்வி. என் பதில்: இதைக் காப்பது அவர்களுக்கு மரியாதை செய்வதற்காக இல்லை. இந்தக் கற்கள் போய்விட்டால் இங்கே நடந்ததற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. கோட்டை ஏற்கெனவே போய்விட்டது. நெசவாளியின் வீடும் அடிமைகளை அடைத்த கிடங்கும் போய்விட்டன. மிச்சமிருப்பது இந்தத் தோட்டம்தான். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வைத்து, துணியையும் கிராம்பையும் அடிமை வியாபாரத்தையும் ஒரே இடத்தில் நின்று சொல்லிக்கொடுக்க நமக்கு வேறு இடம் இல்லை. அதோடு, கல்வேலை நம்மவர்களுடையது.

கல்லறைக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்க வேண்டுமா? கர்ப்பிணிகள் போகலாமா?

இது உங்கள் வீட்டு வழக்கம். சாவு நடந்த வீட்டுக்கோ சுடுகாட்டுக்கோ போய்வந்தால் உள்ள தீட்டு இதற்குக் கிடையாது என்பார்கள் சிலர். பெரியவர்கள் மனம் நோகாமல் இருக்கக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போவோர் உண்டு. வெயிலிலும் உப்புக் காற்றிலும் நடந்துவிட்டு வந்தால் எப்படியும் குளிக்கத்தான் தோன்றும். கர்ப்பிணிகள் விஷயத்தில் எனக்குள்ள கவலை தரை மட்டும்தான். மேடு பள்ளம் அதிகம், கல் இடறும். நல்ல ஷூவும் கூட ஓர் ஆளும் இருந்தால் போதும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா? பயப்படுவார்களா?

கூட்டிப் போங்கள். பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். “எலும்புக்கூட்டுக்கு எத்தனை விலா எலும்பு இருக்கிறது, எண்ணு” என்று சொல்லிப் பாருங்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பழைய ஆண்டு எந்தக் கல்லில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கல்லறை மேல் ஏறுவதற்கு மட்டும் விடாதீர்கள். பலகை உடைந்த இடங்களில் கால் உள்ளே போகும்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா? மாலை, மெழுகுவர்த்தி வைக்கலாமா?

கழற்ற வேண்டாம். செருப்பைவிட ஷூவே போடுங்கள். நெருஞ்சியும் கண்ணாடித் துண்டும் இருக்கும், மழைக்காலத்தில் புல்லுக்குள் பாம்பும் இருக்கலாம். பூ வைக்க விரும்பினால் நுழைவாயில் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு வாருங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், மெழுகு கல்லில் இறங்கினால் எடுக்க முடியாது. கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றுவது கத்தோலிக்க வழக்கம். இங்கே இருக்கிறவர்களோ சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த புராட்டஸ்டன்டுகள். அவர்களும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

படம் எடுக்கலாமா? கல்யாணப் போட்டோ ஷூட்?

போனிலும் சாதாரண கேமராவிலும் உங்களுக்காக எடுக்கலாம். முக்காலி, விளக்கு, ஆட்களோடு வந்து எடுக்கிற படப்பிடிப்புக்குத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. கல்யாண ஜோடியைக் கல்லறைப் பலகைமேல் உட்கார வைத்துப் படம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாமே. அந்தப் பலகைக்குக் கீழே ஒருவர் இருக்கிறார்.

கெல்ட்ரியா கோட்டையையும் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் கோட்டை என்று நினைத்துப் போகாதீர்கள். ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டார்கள். டச்சுக்காரர்களோடு செய்த 1824 உடன்படிக்கைப்படி ஊர் முழுவதுமாக அவர்கள் கைக்குப் போனது 1825இல். இப்போது புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த பிறகு போனால் அந்த வெற்றிடமே பேசும். முதலில் போனால் ஒன்றும் புரியாது.

அங்கே வேறு என்ன பார்க்கலாம்?

நிறைய. போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. மரக்காயர்களின் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சூரியக் கடிகாரம் உண்டு. முன்கூட்டிக் கேட்டு, தொழுகை இல்லாத நேரத்தில் போனால் அன்பாகக் காட்டுவார்கள். செம்பூரான் கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில், கடல் பக்கம் கலங்கரை விளக்கம், ஊர்ப் பெண்கள் பின்னுகிற பனையோலைக் கூடையும் பெட்டியும். ஓலைப் பெட்டியைப் பேரம் பேசாமல் வாங்குங்கள், அதில் போகிற கைவேலை அதிகம்.

ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தது. மீனவர்கள் இங்கே ‘பாடு’ என்ற முறை வைத்திருக்கிறார்கள். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. பல தலைமுறையாக வருகிற ஏற்பாடு. கரையில் வலை உலர்த்துகிற பெரியவர் யாரையாவது கேட்டால் விளக்கமாகச் சொல்வார். ஸ்ரீஹரிகோட்டா ஏரிக்கு அந்தப் பக்கம்தான். ராக்கெட் ஏவுகிற நாளில் கூட்டம் அதிகமாக இருக்கும், கல்லறைக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் படகுச் சவாரி போகலாமா?

2011 டிசம்பர் 25ஆம் தேதி இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விதித்தார்கள். யாராவது ரகசியமாகக் கூட்டிப் போகிறேன் என்றால் ஏறாதீர்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் ஒரு நொடியில் மாறும்.

சாப்பாடு, கழிப்பறை?

கழிப்பறைக்குப் பொன்னேரியிலேயே போய்விட்டு வருவது நல்லது. தண்ணீர் கையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு ஊருக்குள் சின்ன ஓட்டல்கள் இருக்கின்றன. இறாலும் நண்டும் மடவையும் அன்றைக்குப் பிடித்ததாகவே கிடைக்கும். வீட்டுக்கு மீன் வாங்குவதென்றால் ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள், கல்லறையைப் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில் வாங்குங்கள்.

இதே போல வேறு கடற்கரை ஊர்களில் உண்டா?

உண்டு. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டைக்குள்ளேயே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அளவில் சிறியது, ஆனால் கல்வேலை அருமை. மாமல்லபுரம் போகிறவர்கள் அரை நாளில் சேர்த்துப் பார்க்கலாம். தரங்கம்பாடி டச்சுக்காரர்களுடையது அல்ல, டேனிஷ்காரர்களுடையது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1620 முதல் 1845 வரை அவர்கள் கையில் இருந்தது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு 1719இல் இறந்து, அங்கே தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் பழவேற்காட்டையே சொல்வேன். அந்த வாசல் வேறெங்கும் இல்லை.

உடைந்த கல்லையோ, யாராவது கிறுக்குவதையோ பார்த்தால் என்ன செய்வது?

சண்டைக்குப் போகாமல் முதலில் காவலாளியிடம் சொல்லுங்கள். அவர் இல்லையென்றால் இடம் தெரியும்படி ஒன்றும், அருகிலிருந்து ஒன்றுமாக இரண்டு படம் எடுத்து, தேதியோடு இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். அது புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் சேர்ந்து, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்திருக்கின்றன. சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் எழுப்பவும் கூடாது. சுவரை ஒட்டி யாராவது அஸ்திவாரம் தோண்டுவதைப் பார்த்தால் அதையும் படத்தோடு எழுதி அனுப்பலாம். உடைந்து விழுந்த துண்டை மட்டும் பத்திரப்படுத்துகிறேன் என்று எடுத்துப் போய்விடாதீர்கள். கிடந்த இடத்திலேயே கிடந்தால்தான் எந்தக் கல்லைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்துப் பொருத்த முடியும்.